தலைவர் திருகிய ஷாக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை பிறர் செய்யும் அசட்டுத்தனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நிறுத்து என்றால் வைப்பரைப் போடுகிறவர்களையும், வலது பக்கம் என்றால் குனிந்து தன் கைகளைப் பார்த்து யோசிக்கிறவர்களையும் அவள் மன்னித்துவிடுவாள். அவர்கள் தங்களுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு வருகிறவர்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைத்தான் அவளால் சகிக்க முடியாது. அந்த வரிசையில் முதல் ஆள் அவள் கணவனின் அண்ணன்.

அவரைத் தலைவர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மோட்டார் சைக்கிள் குழு ஒன்றை அவரே தொடங்கி, அவரே தலைவராகி, மற்றப் பதவிகளைக் காலியாக விட்டுவைத்திருந்தார். வாரம் முழுவதும் டைல்ஸ் கடையில் மெத்தை போட்ட நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் முழங்கால், முழங்கை, முதுகு என்று ஓர் இடம் விடாமல் கவசம் மாட்டிக்கொண்டு, படையெடுக்கப் போகிறவர் போல பெட்ரோல் பங்க் வாசலில் வந்து நிற்பார். போவது பெரும்பாலும் வடை சாப்பிட.

அவர் புதிதாகப் பெரிய வண்டி வாங்கியபோது, பழைய வண்டியைத் தம்பிக்குக் கொடுத்தார். கொடுத்ததைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். உயரமான வண்டி அது. பின்சக்கரத்துக்கு மேலே, சாதாரண வண்டிகளில் இருப்பது போல் வெறும் ஸ்பிரிங்காக இல்லாமல், எண்ணெய்க் குப்பி ஒன்று ஒட்டிக்கொண்ட, குலுக்கலைத் தாங்கும் விலை உயர்ந்த ஷாக். தம்பிக்கோ இரு சக்கர வண்டி ஓட்டுவது என்றாலே பயம். கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து லென்ஸ் மாட்டித் தருகிற சாதுவான ஆள். அதனால் வண்டி அவள் கைக்கு வந்தது. அவள் ஓட்டுவாள்; அவன் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவான். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. தலைவருக்குத்தான் அது தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலை மேலிருக்கும் அணையைப் பார்க்கப் போவதாகத் திட்டம். பெட்ரோல் பங்க்கில் வண்டிகள் வரிசையாக நின்றன. தலைவர் கையில் ஸ்க்ரூட்ரைவரோடு, வார்டைச் சுற்றி வரும் பெரிய டாக்டர் மாதிரி ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஹெல்மெட்டில் கேமரா பொருத்திய ஓர் ஆள். எதையும் படம் பிடிக்காமல் விட மாட்டான் என்பதால் அவனுக்குக் கேமரா என்றே பெயர்.

"என்னம்மா, கம்ப்ரெஷன் எத்தனை க்ளிக்ல வச்சிருக்க?"

"நான் எதுவும் வைக்கல மாமா. நீங்க குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

"அதான் பின்னாடி தொட்டில் மாதிரி ஆடுது."

"எனக்கு ஆடலையே."

"ஆடுறது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

இருக்கையை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தினார். கண்களை மூடிக்கொண்டார். நாடி பார்க்கிறாராம். பிறகு குனிந்து, எண்ணெய்க் குப்பியின் தலையில் இருந்த சின்னத் திருகில் ஸ்க்ரூட்ரைவரை வைத்தார்.

கம்ப்ரெஷன் என்று அவர் சொன்ன அந்தத் திருகின் வேலை பெரிய ரகசியம் இல்லை. சக்கரம் மேட்டில் ஏறும்போது ஷாக் உள்ளே அமுங்குகிறது. அமுங்கும்போது உள்ளிருக்கும் எண்ணெய் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் புகுந்து வெளியேற வேண்டும். திருகை வலப்பக்கம் திருப்பினால் ஓட்டை சுருங்கும், ஷாக் மெதுவாக, விறைப்பாக அமுங்கும். இடப்பக்கம் திருப்பினால் ஓட்டை விரியும், சுலபமாக அமுங்கும். வழவழப்பான பந்தயத் தளத்துக்கு ஓர் அளவு, குண்டும் குழியுமான ரோட்டுக்கு ஓர் அளவு. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் தலைவருக்கு ஒரே ஓர் அளவுதான் உண்டு. 'டக் டக் டக்' என்று திருகு நின்றுபோகும் வரை வலப்பக்கம் திருப்பினார்.

"கல் மாதிரி இருக்கணும்மா. ரேஸ்ல எல்லாம் இப்படித்தான்."

"அண்ணா, நாங்க ரேஸுக்குப் போகல. டேம் பார்க்கப் போறோம்" என்றான் அவள் கணவன்.

"நீ சும்மா இரு. பின்னாடி உட்கார்றவனுக்கு எதுக்கு டெக்னிக்கல்?"

கேமரா சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தக் குழுவில் தலைவர் சிரிக்க வைத்தால் சிரிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. அவளும் உதட்டைக் கொஞ்சம் இழுத்து வைத்தாள். பயிற்சிப் பள்ளியில், சுவரில் முட்டிய பிறகு 'பிரேக் பிடிக்கல மேடம்' என்று சொல்கிறவர்களுக்காக அவள் வைத்திருக்கும் சிரிப்பு அது. தலைவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். அரை மணி நேரத்தில் அங்கே நின்ற அத்தனை வண்டியும் கல்லாகிவிட்டது.

நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. தார் வழுக்கிக்கொண்டு ஓடியது. முன்னால் போன தலைவர் அடிக்கடி கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனார். மலைப்பாதை தொடங்கியதும் கதை மாறியது. குடிநீர்க் குழாய் பதிக்க ரோட்டை ஒரு பக்கமாகத் தோண்டி, பிறகு மூடுகிறேன் என்று மண்ணையும் ஜல்லியையும் அள்ளிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்பக்கம் கழுதை உதைக்கிற மாதிரி எகிறியது. ஒவ்வொரு எகிறலுக்கும் கணவனின் ஹெல்மெட் அவள் ஹெல்மெட்டில் 'டொக்' என்று மோதியது.

"வேணும்னு இடிக்கல" என்றான் அவன்.

"தெரியும். பல்லைக் கடிச்சுக்கோங்க. நாக்கு நடுவுல மாட்டிடப் போகுது."

டீக்கடையில் நிறுத்தியபோது அவள் பார்த்தாள். வீரர்கள் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். ஒருவர் பெஞ்சில் உட்காரப் போய், வேண்டாம் என்று நின்றுகொண்டே குடித்தார். "எப்படி இருக்கு?" என்று தலைவர் கேட்டதும், ஒரே குரலில், "சூப்பரா இருக்கு தலைவரே! ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுது" என்றார்கள்.

"எனக்கு ஒட்டல மாமா. எகிறுது. வளைவுல பின்பக்கம் வெளிய தள்ளுது" என்றாள் அவள்.

தலைவர் பொறுமையாகத் தலையை ஆட்டினார். "உனக்கு வெயிட்டு பத்தாதும்மா. அப்புறம் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிற. லேடீஸ் எல்லாரும் செய்யற தப்பு அது. பழகப் பழகச் சரியாயிடும்."

அவள் ஆயிரம் பேருக்குக் கை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தவள். பதில் சொல்ல வாயெடுத்தாள். கணவன் டீ கிளாஸை அவள் கையில் திணித்தான். குடித்தாள். டீ நன்றாகத்தான் இருந்தது.

குழு புறப்பட்டதும் வேண்டுமென்றே பின்தங்கினாள். முதல் வளைவைத் தாண்டி, ஓரமாக நிறுத்தி, இருக்கைக்கடியில் இருந்த ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். வந்த கோபத்தில் திருகை எதிர்ப்பக்கம் கடைசி வரை திறந்துவிட்டாள்.

கோபத்தில் செய்த காரியம் உடனே பல்லைக் காட்டியது. அடுத்து வந்த பெரிய பள்ளத்தில் பின்பக்கம் தொபுக்கென்று அமுங்கி, அடியில் போய் 'தட்' என்று முட்டியது. முட்டிய அதிர்ச்சி இருவர் முதுகெலும்பிலும் ஏறி மண்டை வரை வந்தது.

"இப்ப கிணத்துல விழுந்த மாதிரி இருக்கு" என்றான் கணவன்.

"வாயை மூடுங்க" என்றாள். அந்தக் கோபம் அவன்மேல் இல்லை, தன்மேல். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தாவியதில் அவளுக்கும் தலைவருக்கும் என்ன வித்தியாசம்? மாணவர் யாராவது இப்படி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்திருந்தால் காது கிழியத் திட்டியிருப்பாள்.

வழியைச் சொன்னது கணவன்தான். "கடையில நான் எப்படிப் பாக்கறேன்? ஒரு லென்ஸைப் போட்டு, 'இது தெளிவா இருக்கா, முன்னது தெளிவா இருந்துச்சா'ன்னு கேப்பேன். ஒண்ணு ஒண்ணா மாத்திக்கிட்டே போவேன். அதே மாதிரி செய்யலாமே. நான் சும்மா உட்கார்ந்துதானே வர்றேன், என்னைக் கேளு."

அப்படியே செய்தார்கள். ரோட்டில் ஒரே துண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு சின்னப் பள்ளம், ஒரு பெரிய பள்ளம், ஒரு வளைவு. திருகை நடுவில் வைத்து அதில் போய்வந்தாள். "இதுவா, முன்னதா?" "இது." ஒரு க்ளிக் இறுக்கினாள். "இதுவா, முன்னதா?" "முன்னது." ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்திருந்த ரோட்டு வேலைக்காரர்கள் இருவர், ஒரே இடத்தில் போவதும் வருவதுமாக இருக்கும் இந்த ஜோடியை, வீட்டைத் தொலைத்தவர்களைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். கடைசியில் ஓர் அளவில் வண்டி அமைதியாகிவிட்டது. பள்ளம் வந்தது தெரிந்தது, ஆனால் அடிக்கவில்லை. வளைவில் பின்சக்கரம் சொன்ன இடத்தில் நின்றது. ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதிக்கொள்ளவில்லை. கணவன் பின்னாலிருந்து ஏதோ பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். அதுதான் சான்றிதழ்.

மேலே போய்க்கொண்டிருந்த இருவரும், ஒரு வளைவைத் திரும்பியதும், குழு முழுவதும் ரோட்டில் வட்டமாக நிற்பதைப் பார்த்தார்கள். வட்டத்தின் நடுவில் தலைவர் ஜல்லிமேல் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் தாங்கி மார்போடு பிடித்திருந்தார். தோளெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சட்டை ஒரு மாதிரியாகத் துருத்திக்கொண்டிருந்தது. பெரிய வண்டி பள்ளத்தோரம் படுத்துக் கிடந்தது. விறைத்துப்போன பின்பக்கம் சின்ன மேட்டில் எகிறி, எகிறிய சக்கரம் ஜல்லியில் இறங்கி, அப்படியே வழுக்கியிருக்கிறது. வேகமும் ஒன்றும் பெரிதில்லை. சைக்கிளில் போகிறவன் முந்திக்கொண்டு போயிருப்பான்.

"மொதல்ல அந்தக் கேமராவை ஆஃப் பண்ணுடா" என்பதுதான் தலைவரின் முதல் வார்த்தையாக இருந்தது. அடுத்தது, "ரோட்டுல யாரோ ஆயிலைக் கொட்டி வச்சிருக்கான்."

ஆயில் எங்கும் இல்லை. எல்லோரும் குனிந்து தேடினார்கள். ஒருவர் ஈரமண்ணை மோந்துகூடப் பார்த்துவிட்டு, "ஆமா தலைவரே, லேசா வாடை வருது" என்றார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாயிற்று. ஆனால் கீழே ஓரிடத்தில் குழாய்க்காக ரோட்டைக் குறுக்கே வெட்டி, பலகை போட்டிருந்தார்கள். பைக் மட்டும்தான் அதில் தாண்டலாம். வேன் பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும், ஆளை அதுவரை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

கேமரா முன்வந்தான். தலைவரைத் தூக்கித் தன் வண்டியில் பின்னால் உட்கார வைத்தார்கள். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, முதல் பள்ளத்திலேயே மலை அதிர ஒரு கத்து. "இறக்கு! இறக்குடா பாவி!" இரண்டாவது வண்டியில் ஏற்றினார்கள். அங்கேயும் அதே கத்து. மூன்றாவது ஆள் தன் வண்டியைக் கொண்டுவராமல் தரையைப் பார்த்தார். அத்தனை வண்டியும் அவர் கையால் கல்லானவை. ஒன்றுகூட மிச்சமில்லை.

கடைசியில் எல்லோர் பார்வையும் அவள் பக்கம் திரும்பியது.

"வேணாம். நான் நடந்தே போறேன்" என்றார் தலைவர். எழுந்து நாலடி நடந்தார். பிறகு அங்கிருந்த மைல் கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் கணவன் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, அண்ணனின் கையை மார்போடு சேர்த்துக் கட்டினான். கண்ணாடிச் சட்டத்தில் ஊசித் திருகு மாட்டுகிற விரல்கள் அவை, வலிக்காமல் கட்டின. அவள் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் தலைவர், மைல் கல்லில் இருந்தபடி.

"உங்க தம்பியவிட நீங்க கனம். உட்கார்ந்தா பின்பக்கம் தாழ்ந்துடும், ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தூக்கி விடறேன்."

"தூக்கு. ஆனா கம்ப்ரெஷனைத் தொடாதே. நான் வச்சது வச்ச மாதிரி இருக்கட்டும். கல் மாதிரி இருந்தாத்தான் கன்ட்ரோல்."

ஸ்க்ரூட்ரைவர் திருகின் மேல்தான் இருந்தது. அவளுக்குக் கை துறுதுறுத்தது. எலும்பு முறிந்து உட்கார்ந்திருக்கிறார், இன்னும் பாடம் நடத்துகிறார். வலப்பக்கம் நாலு க்ளிக். அவ்வளவு போதும். கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று இருந்துவிடலாம். பலகை வந்து சேர்வதற்குள் அந்தத் தோள் இந்த மனிதருக்குக் கம்ப்ரெஷன் என்றால் என்னவென்று ஆயுசுக்கும் மறக்காதபடி சொல்லிக்கொடுத்துவிடும். இதையெல்லாம் அவள் நிதானமாக, ஆசையோடு நினைத்துப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது அவர் முகம் கண்ணில் பட்டது. உதடு வெளுத்திருந்தது. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்குவதைத் துடைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஹெல்மெட்டும் பேச்சும் இல்லாத அந்த முகத்தில் அண்ணன் தம்பிச் சாயல் அப்பட்டமாகத் தெரிந்தது. காய்ச்சல் வந்தால் அவள் கணவன் இப்படித்தான் இருப்பான்.

"சனியன்" என்று முணுமுணுத்தாள். திருகை இடப்பக்கம் இரண்டு க்ளிக் திறந்தாள்.

இறக்கத்தில் அவள் வண்டியை நடத்திக்கொண்டு போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பள்ளம் வருவதற்கு முன்பே தலைவர் "ஐயோ" என்றார். பள்ளம் வந்தது, வண்டி அதை விழுங்கிவிட்டுப் போனது. மறுபடி ஒரு பள்ளம், மறுபடி முன்கூட்டியே ஒரு ஐயோ. பிறகு ஐயோக்கள் சின்னதாகின. அப்புறம் நின்றேபோயின. ஆள் மயங்கிவிட்டாரோ என்று அவள் கண்ணாடியில் பார்த்தாள். முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அடிக்கலையே" என்றார், யாரோ ஏமாற்றிவிட்ட குரலில்.

பின்னால் கேமராவின் வண்டியில் அவள் கணவன், பந்து மாதிரி எகிறி எகிறி வந்துகொண்டிருந்தான். பலகையில் ஏறும் இடத்தில் தலைவர் தன் நல்ல கையால் அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இறுக்கிப் பிடிக்காதீங்க மாமா. ஜென்ட்ஸ் எல்லாரும் செய்யற தப்பு அது" என்றாள். அதைச் சொல்லாமல் இருக்க அவள் ஒன்றும் தெய்வம் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில், தோளுக்குப் பட்டை போட்டு, வலிக்கு ஊசி போட்டு, தலையணைகளுக்கு நடுவே அவரைச் சாய்த்திருந்தார்கள். அவர் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, மாற்றுத் துணியும் பிளாஸ்க்குமாக வந்து சேர்ந்திருந்தாள். கட்டிலைச் சுற்றிக் குழு நின்றது. வலி போனதும் தலைவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இப்படி எலும்பு முறிஞ்சிருக்கு, அந்த ரோட்டுல பைக்லயா வந்தீங்க?" என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள்.

"சாதாரண வண்டியா இருந்தா முடிஞ்சிருக்கும்மா. அது நான் காலையில என் கையால செட் பண்ணின வண்டி. மிதந்துக்கிட்டு வந்துச்சு. சஸ்பென்ஷன்கிறது ஒரு கலை."

"சூப்பர் தலைவரே" என்றது குழு.

அவள் கணவன் மெதுவாக அவள் முழங்கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க காலையில கடைசி வரைக்கும் இறுக்கினீங்க. நான் அதைத் திறந்துட்டேன். உங்களை ஏத்துறப்ப இன்னும் ரெண்டு க்ளிக் திறந்தேன். அதனாலதான் அடிக்கல. மத்த வண்டிங்க எல்லாம் நீங்க வச்ச மாதிரியே இருந்துச்சு. அதுல உங்களால உட்கார முடியல."

இதைவிடத் தெளிவாக யாருக்கும் அவள் பாடம் எடுத்ததில்லை. தலைவர் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அதான் நானும் சொல்றேன்! முழுசா இறுக்கி வச்சாத்தான், எங்கருந்து திறக்கணும்னு உனக்கே ஒரு கணக்கு கிடைக்குது. அடிப்படை நான் போட்டுக் குடுத்தது."

அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போனாள். ஓரகத்தி பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, அவளை வெளியே வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்கு மூச்சை வீணாக்கற? இத்தனை வருஷமா நான் சொல்லாததையா நீ சொல்லிடப் போற?" என்று சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "ஆனா ஒண்ணு, 'ஜென்ட்ஸ் செய்யற தப்பு'ன்னு சொன்னியாமே. உள்ள வந்ததும் மொத வேலையா அதைத்தான் எங்கிட்ட புகார் பண்ணினாரு." சிரிப்பு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. அந்தப் பக்கம் போன டாக்டர் ஒருவர், யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எலும்பு கூடி, பட்டையும் கழன்று, குழு மறுபடி பெட்ரோல் பங்க்கில் கூடியது. வர மாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள். கணவன்தான் அண்ணன் முகத்துக்காக ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்றான். தலைவர் கையில் அதே ஸ்க்ரூட்ரைவர். ஆனால் வேதம் மாறியிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! கம்ப்ரெஷனை முழுசாத் திறங்க. பஞ்சு மாதிரி இருக்கணும். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நானே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. இறுக்கி வைக்கிறவன் முட்டாள்."

"சூப்பர் தலைவரே!" என்று அத்தனை பேரும் குனிந்து திறந்தார்கள். கேமரா படம் பிடித்தான். தலைவர் கடைசியில் அவள் வண்டியிடம் வந்தார். அவள் திருகின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இதைத் தொடாதீங்க மாமா."

"ஏம்மா? இன்னும் நீ பழைய மெத்தட்லயே இருக்கியா?" என்று பரிதாபமாகக் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

வண்டிகள் கிளம்பின. பங்க் வாசலில் இருந்த சின்ன வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஒவ்வொன்றும் படகு மாதிரி முன்னும் பின்னும் குலுங்கி, குலுங்கல் அடங்காமலே ரோட்டில் இறங்கிப் போயிற்று. தலைவர் போகிற போக்கில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"நாம போகலையா?" என்று கேட்டான் கணவன்.

"அவங்க எங்கயாவது விழுந்தா எப்படியும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் வீட்டுல போய்த் தூங்கலாம்" என்று சொல்லி அவள் வண்டியைத் திருப்பினாள்.